இரவல் பேரப்பிள்ளைகள்

எங்கள் ஒழுங்கையில் இரவல் கேட்பதும் கொடுப்பதும் சாதாரண விஷயம். ஐஸ்கட்டி கேட்டு வருவார்கள். பிறந்தநாள் வைக்கிறவர்கள் கதிரை கேட்டு வருவார்கள். அம்மா ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கொடுத்துவிட்டு, கொடுத்த பொருள் திரும்பி வரும்வரை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளைகளை இரவல் கேட்டு ஒருவர் வந்தது மட்டும் எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் ஒரே ஒருமுறைதான் நடந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஆறு.

அது போர்க்காலம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கிக் கடற்கரைத் தண்டவாளத்தில் முடியும். முடிகிற இடத்தில் ஒரு லொட்ஜ் இருந்தது. வடக்கிலிருந்து வெளிநாடு போக வந்தவர்களும் வைத்தியத்துக்கு வந்தவர்களும் அங்கே அறை எடுத்துத் தங்கினார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே தொலைபேசிக்குக் காத்துக் கிடந்தார்கள், ஆனாலும் யாரும் யாருக்கும் உறவில்லை. அம்மா அவர்களை மொத்தமாக 'லொட்ஜ் ஆக்கள்' என்பார். நாங்களும் ஊரிலிருந்து வந்தவர்கள்தான். சில வருடங்கள் முந்தி வந்து வாடகைக்கு வீடு எடுத்துவிட்டதால் அம்மாவுக்கு நாங்கள் கொழும்பு ஆக்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்ற பெண்ணை நாங்கள் முன்பு கண்டதில்லை. உயரமானவர், வெளிறிய நூல்சேலை, தலைமயிரை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். லொட்ஜிலிருந்து வருவதாகச் சொன்னார்.

"உங்கட பிள்ளையளை ஒரு கொஞ்ச நேரம் தருவீங்களோ அக்கா? பந்தம் பிடிக்க."

எங்கள் ஆட்களின் செத்தவீட்டில், குச்சியில் துணி சுற்றி நெய்யில் தோய்த்துக் கொளுத்தி, அதைப் பேரப்பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு உடலைச் சுற்றி வருவார்கள். அதுதான் பந்தம். யாழ்ப்பாணத்தில் வயதுபோனவர்களின் பெருமை வயலிலும் வளவிலும் இல்லை, தங்களுக்கு எத்தனை பேர் பந்தம் பிடிப்பார்கள் என்பதில்தான் இருந்தது. லொட்ஜில் இருந்த ஒரு வயதான அம்மா வெள்ளிக்கிழமை நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவரும் கணவரும் கனடாவில் இருக்கும் மகன்மாரிடம் போவதற்காக வந்து மாதக்கணக்கில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள். மூன்று மகன்மார், மூன்று பேரப்பிள்ளைகள், எல்லாரும் அங்கேதான். மகன்மாரின் அகதி வழக்கு முடியவில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. ஊரிலிருந்து உறவினர் வருவதென்றால் ஊரை விட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்துக் கப்பலுக்குக் காத்திருந்து வரவேண்டும். அந்த அம்மாவோ ஊரை விட்டு வரவே மாட்டேன் என்று நின்றவராம். "உனக்குப் பந்தம் பிடிக்கிற பிள்ளையளிட்டைத்தானே கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லித்தான் அந்த ஐயா அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

இப்போது உடல், கொழும்பில் செத்தவீடு நடத்துகிற மலர்ச்சாலை ஒன்றில் இருந்தது. குருக்கள் வந்துவிட்டார், வீடியோக்காரர் வந்துவிட்டார், கனத்தை மயானத்தில் நேரமும் எடுத்தாயிற்று. பந்தம் பிடிக்காமல் பெட்டியை மூட விடமாட்டேன் என்று ஐயா பெட்டியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

அம்மாவின் முகம் மாறியது. "எங்கட பிள்ளையளின்ர அப்பம்மா, அம்மப்பா எல்லாரும் உயிரோட இருக்கினம். தெரியாத ஆக்களுக்கு எப்பிடிப் பந்தம் பிடிக்கிறது?" என்றார். "அதுவும் சரிதான் அக்கா" என்று அந்தப் பெண் உடனே திரும்பி நடந்தார். கெஞ்சியிருந்தால் அம்மா இன்னும் இறுகியிருப்பார். இப்படி ஒப்புக்கொண்டு போகிறவரை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. படலையடிக்கு ஓடிப்போய், "அவை எந்த ஊர்?" என்று கேட்டார். வரணி என்று பதில் வந்தது. வரணியில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. அம்மா ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, தன் சின்னம்மாவின் மருமகன் வரணித் தபால் கந்தோரில் கொஞ்சக்காலம் வேலை செய்தவர் என்றார். "அப்ப எங்களுக்கும் ஒருவகையில சொந்தம்தான்" என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பா எழுந்து சேட் போடப் போனார்.

எங்களிடம் இருந்த வெள்ளை உடுப்பு பள்ளிக்கூடச் சீருடை மட்டும்தான். திங்கட்கிழமைக்குத் தோய்த்துக் காயப்போட்டிருந்ததை அம்மா எடுத்துப் போட்டுவிட்டார், கரி பிடித்தால் மறுபடி தோய்க்கவேண்டும் என்ற முணுமுணுப்போடு. எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர், மேல்மாடியிலிருந்து ஒரு பெண்பிள்ளை என்று, எங்களைக் கேட்டு வந்த அந்த லொட்ஜ் அன்ரி இன்னும் மூவரைத் திரட்டியிருந்தார். அவர்களும் சீருடையில்தான் வந்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பள்ளிக்கூடம். வான் நிறைய நாங்கள் போய் இறங்கியபோது செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை, பேச்சுப் போட்டிக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

மலர்ச்சாலையில் லொட்ஜ் ஆக்கள் சுவரோரம் நின்றார்கள். எல்லாருடைய கையிலும் பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தது. தமிழ் ஆட்கள் கூட்டமாக நின்றால் யாராவது வந்து விசாரிப்பார்கள் என்ற பயம். ஐயா பெட்டியின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்து ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார். பெயர் கேட்கவில்லை.

அதற்குள் மலர்ச்சாலையின் மனேஜர் வந்து தடுத்தார். சிங்களவர். உள்ளே நெருப்புக் கொளுத்தக்கூடாது, கம்பளமும் திரைச்சீலையும் இருக்கின்றன என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அப்பா தன் கந்தோர்ச் சிங்களத்தில், இது பேரப்பிள்ளைகள் பாட்டிக்கு வழிகாட்டப் பிடிக்கிற வெளிச்சம் என்று விளக்கினார். இவர்கள் எல்லாரும் இந்த அம்மாவின் பேரப்பிள்ளைகளா என்று மனேஜர் கேட்டார். அப்பா ஆமென்றார். மனேஜர் எங்கள் சட்டைகளில் இருந்த விதவிதமான பள்ளிக்கூடச் சின்னங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பளத்தைச் சுருட்டச் சொன்னார், திரைச்சீலையை இழுத்துக் கட்டினார், திரி அணைந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்தினார். பிறகு ஒரு வாளியில் தண்ணீரோடு வந்து எங்கள் பின்னால் நின்றுகொண்டார்.

குருக்கள் பாட, நாங்கள் சுற்றினோம். எங்களோடு மனேஜரும் வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். வீடியோவில் அது முழுவதும் விழுந்திருக்கும். வாளியோடு வருகிற இந்தச் சொந்தக்காரர் யார் என்று கனடாவில் மகன்மார் மண்டையைப் போட்டு உடைத்திருப்பார்கள். முதலாவது சுற்றிலேயே தம்பி, "அக்கா, இது ஆர்?" என்று பெட்டியைக் காட்டி உரத்துக் கேட்டான். அதுவும் விழுந்திருக்கும்.

அந்த அன்ரி அதுவரை ஒரு துளி கண்ணீர் விடவில்லை. நெய் ஊற்றினார், பூவை அடுக்கினார், வீடியோக்காரரை எங்கே நிற்பது என்று அதட்டினார். கலியாணவீட்டு வேலை செய்வதுபோலத்தான் ஓடித்திரிந்தார். சுற்றி முடிந்து, நாலு பேர் பெட்டி மூடியைத் தூக்கியபோது என்ன நடந்ததோ தெரியவில்லை, ஓடிவந்து பெட்டியின்மேல் விழுந்தார்.

"என்ர ராசா! உடன வாறன் எண்டுதானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனனீ. சோத்தை மூடி வைச்சுக்கொண்டு இருக்கிறனே ராசா! நான் ஆரிட்டைப் போய்க் கேப்பன், எந்த ஆமிக் காம்பில போய்க் கேப்பன்!"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெட்டிக்குள் கிடந்தது ஒரு வயதான அம்மா. அவரைப் பார்த்து ராசா என்கிறார். மகன்மார் போனது விமானத்தில். சைக்கிள் எங்கிருந்து வந்தது? விவரம் சரியாகக் கேட்காமல் அழுகிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் மறந்து நடுவில் வேறு பாட்டுக்குத் தாவுகிறவர்கள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள்.

மூடியைத் தூக்கியவர்கள் குழம்பிப்போய் நின்றார்கள். ஐயா கையைக் காட்டி, பொறுங்கோ என்றார். மூடியை இறக்கி வைக்கச் சொன்னார். இந்த மனிசன் திரும்பவும் பெட்டியை மூட விடாமல் தொடங்கிவிட்டாரே என்று எனக்கு அலுப்பாக இருந்தது. அவர் ஸ்டூலை நகர்த்தி, அந்த அன்ரிக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டார். வாகனக்காரர் வெளியே ஹோர்ன் அடித்தார். ஐயா அசையவில்லை. அன்ரியின் அழுகை தானாக ஓய்ந்து, அவர் சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகுதான், "இப்ப மூடுங்கோ" என்றார்.

ஆண்கள் எல்லாரும் கனத்தைக்குப் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் வானில் வீட்டுக்குத் திரும்பினோம். அன்ரி எங்களோடு இருந்தார். தம்பி அவருடைய மடியில் தலைவைத்து நித்திரையாகிவிட்டான். பம்பலப்பிட்டி தாண்டியதும் அம்மா, எல்லாரிடமும் கேட்பதுபோல அவரிடமும், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"ஒரு மகன்" என்றார் அன்ரி.

எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், என்ன வயது என்று அடுத்தடுத்துக் கேட்கிற அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இதுதான் சமயம் என்று நான் தொடங்கினேன்.

"அன்ரி, நீங்கள் பிழையா அழுதிட்டீங்கள். அந்த அம்மான்ர மகன்மார் சைக்கிளில போகேல்லை. எல்லாரும் கனடாவில இருக்கினம்."

அம்மா என் தொடையில் கிள்ளினார். கத்தியிருப்பேன், அவ்வளவு நோ.

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. தம்பியின் கன்னத்தில் ஒட்டியிருந்த கரியை விரலால் துடைத்துக்கொண்டே, "ஓம் பிள்ளை. மாறிப்போச்சு" என்றார்.

பெரியவர்கள் தங்கள் பிழையை இப்படி உடனே ஒப்புக்கொள்ளுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அடுத்தமுறை கவனமாக அழுங்கோ என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் எங்கள் ஒழுங்கை வந்துவிட்டது.