வால் முளைத்த இங்கிலீஷ்

மைக்கின் தலையில் இரண்டு தட்டு. கைக்குட்டையால் ஒரு துடைப்பு. பிறகு "ஃபூ, ஃபூ" என்று ஊதிப் பார்ப்பார். கன்னத்தில் அடக்கியிருக்கும் கிராம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் அக்கா வாயைத் திறப்பார்.

"குட் மார்னிங்கு எவ்ரிபடி. விண்டு ட்வெல்வு நாட்டு. ஷிப்பு ரெடி. ஸ்டார்ட்டு."

காற்று பன்னிரண்டு நாட் வேகம், கப்பல் தயார், ஆரம்பியுங்கள் என்று பொருள். அவ்வளவுதான், துறைமுகம் எழுந்து உட்கார்ந்துவிடும்.

நான் அங்கே கிரேன் ஓட்டுகிறேன். பத்து மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி கப்பலில் கண்டெய்னர்களை ஏற்றுவதும் இறக்குவதும் என் பிழைப்பு. கழுத்து வலிக்கு வைத்தியம் பார்க்காத மருத்துவமனை பாக்கியில்லை. என் மனைவியின் குரலைவிட அக்காவின் குரலைத்தான் என் காது அதிகம் கேட்டிருக்கும். இதை ஒருநாள் வீட்டில் வாய்தவறிச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா உட்கார்ந்திருப்பது கட்டுப்பாட்டு அறையில். கப்பலின் மறுபக்கமும் பெட்டி அடுக்குகளின் இடுக்குகளும் எனக்குத் தெரியாது. அவர் முன்னால் உள்ள திரைகளில் அவருக்குத் தெரியும். கீழே ஆள் இருக்கிறானா, இறக்கலாமா, நிறுத்த வேண்டுமா என்பதை அவர் சொல்லி நான் செய்ய வேண்டும். நான் கை, அவர் கண். நடுவில் இருப்பது ஒரு கரகரக்கிற ரேடியோவும் அக்காவின் இங்கிலீஷும்தான்.

அந்த இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால் முளைத்திருக்கும். ஸ்டாப் என்பது ஸ்டாப்பு. லிஃப்ட் என்பது லிஃப்ட்டு. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா குற்றியலுகரம் நடத்தியபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அக்காவிடம் வேலைக்கு வந்த பிறகு முழுப் பாடமும் மண்டையில் ஏறிவிட்டது. ஸ்டாப்பு வன்தொடர், விண்டு மென்தொடர். இலக்கணப்படி அந்த உகரத்துக்கு அரை மாத்திரைதான். அக்கா தாராள மனசுக்காரர், ஒன்றரை மாத்திரைக்குக் குறைந்து கொடுக்க மாட்டார்.

எங்கள் ரேடியோவில் உலகமே பேசும். ஒன்றாம் நம்பர் கிரேன்காரர் மூக்கால் பேசுவார். வருஷம் முழுக்க ஜலதோஷம் என்று நினைத்து அக்கா அவருக்கு ஒரு முறை தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நம்பர்காரர் வேறு நாட்டிலிருந்து வந்தவர். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாலும் அடிக்க வருவது போலிருக்கும். கப்பல் கேப்டன்களில் ஒரு வகை உண்டு, எந்தச் சொல்லையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களைப் பற்றி அக்காவின் தீர்ப்பு: "கடைசி எழுத்த சொல்லாம பாக்கெட்ல போட்டுக்குறாங்க தம்பி. அப்படி சேத்து வச்சு என்ன பண்ணப் போறாங்க?"

கடைசி எழுத்தை விழுங்குகிறவர் மெத்தப் படித்தவர், வால் வைத்துப் பேசுகிறவர் பட்டிக்காடு என்று நாம் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். யார் போட்ட கணக்கோ தெரியாது. இங்கிலீஷ் கேட்டால் பொருள் புரிகிறதா என்று பார்க்க மாட்டோம், எங்கிருந்து வருகிறான், என்ன படித்திருப்பான், சட்டைப் பையில் எவ்வளவு இருக்கும் என்று அளந்துவிடுவோம். ஆனால் பத்து மாடி உயரத்தில், காற்று கண்ணாடியை அறையும்போது, ரேடியோ கரகரக்கும்போது, எனக்கு வேண்டியது அந்தக் கடைசி எழுத்துத்தான். இறக்கலாம் என்றால் 'கேன்'. இறக்கக் கூடாது என்றால் 'கான்ட்டு'. இரைச்சலில் முன்பாதி போனால்கூட அந்த 'ட்டு' மட்டும் ஆணி அடித்த மாதிரி வந்து சேரும். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பார்கள். எங்கள் துறைமுகத்தில் நாங்கள் வாலைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தோம்.

என் கிரேனுக்கு அடியில் இதுவரை ஒருவனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. சம்பள உயர்வு நேரத்தில் இதை என் திறமை என்று சொல்லிக்கொள்வேன். மற்ற நேரங்களில் உண்மை எனக்குத் தெரியும். கும்பிட வேண்டியது அக்காவின் வாயை.

அந்த வாய்க்கு ஆபத்து வந்தது அவருடைய மகளால்.

நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றை ஆளாய் நின்று அக்கா வளர்த்தது. வங்கியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் வெளிநாட்டுப் பையனைப் பிடித்துப்போய், அவன் வீட்டிலும் சம்மதம் சொல்லி, பெற்றோர் இங்கே வந்து பெண் வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. கேன்டீனில் டீயை ஆற்றியபடி அக்கா இதைச் சொன்னபோது முகத்தில் பாதிச் சந்தோஷம்தான் இருந்தது.

"மீதி எங்கக்கா?" என்றேன்.

"'அம்மா, அவங்க வர்றப்ப நீ கொஞ்சம் கம்மியா பேசும்மா'ன்னு சொல்றா தம்பி." டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "கோவமா சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டியிருப்பேன். கெஞ்சுற மாதிரி சொன்னா. அதான் சுருக்குன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கம்மியா எதுக்குடி பேசணும், ஒழுங்கா பேசக் கத்துக்குறேன்னு சொல்லிட்டேன்."

ரோஷக்காரர் சொன்னால் செய்துவிடுவார். போனில் ஒரு உச்சரிப்பு வாத்தியாரைப் பிடித்தார். பஸ்ஸில் அவர்தான், கேன்டீனில் அவர்தான். அந்த மனிதர் திரைக்குள்ளிருந்து, கடைசி எழுத்தை வாயிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விடாதீர்கள் என்று சிரித்தபடி சொல்வார். பழகிய நாக்கு கேட்குமா? அதற்கும் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். 'ஸ்டாப்' என்று சொன்னதும் ஆள்காட்டி விரலால் உதட்டை அமுக்கிக்கொள்வார்.

"என்னக்கா இது, வகுப்புல பேசுன பிள்ளைக்கு டீச்சர் தண்டனை குடுத்த மாதிரி?"

"பு வெளிய வந்துடுது தம்பி. அதான் கதவச் சாத்துறேன்."

நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மழை விட்டிருந்த ஒரு காலை. என் கொக்கியில் ஒரு முழுப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இறக்க வேண்டிய இடம் கப்பலின் மறுபக்கம், எனக்குத் தெரியாத பள்ளம். வழக்கம்போல ரேடியோவில் கேட்டேன், இறக்கலாமா என்று.

"யூ கேன்," என்றது அக்காவின் குரல்.

இறக்கினேன். பெட்டி பாதி தூரம் போயிருக்கும். ரேடியோ கிழிகிற மாதிரி ஒரு அலறல். இங்கிலீஷ் இல்லை, ஒன்றும் இல்லை.

"டேய் தம்பி! நிறுத்துடா! நிறுத்துடா டேய்!"

கை தானாக நின்றது. கீழே, பெட்டிகளின் பூட்டைக் கழற்றுகிற ஆள் ஒருவர் இடுக்கில் குனிந்து வேலையாக இருந்திருக்கிறார். நிமிர்ந்து கையைத் தூக்கினால் பெட்டியின் அடியைத் தொடலாம், அவ்வளவுதான் இடைவெளி. அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். இதை நான் பார்க்கவில்லை. அக்கா திரையில் பார்த்தார்.

இறங்கி ஓடிப்போய் அந்த அறைக்குள் நுழைந்தபோது எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. "என்னக்கா, விளையாடுறீங்களா? கான்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"கான்ட்டுன்னுதான் தம்பி சொன்னேன்." அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்த வாத்தியார் சொல்ற மாதிரி 'கேன்ட்'னு சொன்னேன். ட்டு-வ முழுங்கிட்டேன்."

திட்ட வந்தவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

இத்தோடு பாடம் போதும், பழையபடி பேசுவார் என்று நினைத்தேன். அக்கா வேறு மாதிரி நினைத்தார். மைக்கே வேண்டாம், வாசலில் நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டு வாங்கிவிட்டார்.

"அரசனை நம்பி புருஷனைக் கைவிட்ட கதையாப் போச்சு தம்பி. புது இங்கிலீஷும் வரல, பழசும் இப்ப வாயில வர மாட்டேங்குது. வால வெட்டுனா மனுசன் சாவான், வால விட்டா எம்புள்ள தலை குனிவா. இந்த வாய்க்கு ரெஸ்ட்டு குடுத்துட்டேன்."

மாற்றல் வரும்வரை மைக்கின் முன்னால் உட்கார்ந்தார், ஆனால் பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் விரல் உதட்டுக்குப் போய்விடும். நாங்கள் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டு நத்தை மாதிரி வேலை செய்தோம். காலையில் காற்று எவ்வளவு என்று சொல்வதுகூட நின்றுபோனது. அந்த "மார்னிங்கு" இல்லாமல் எனக்கு விடிந்த மாதிரியே இல்லை.

அப்போதுதான் கேன்டீனில் மூன்றாம் நம்பர்காரர் என் எதிரே வந்து உட்கார்ந்து, தன் அடிக்கிற குரலில் கேட்டார்: "வேர் ஈஸ் த பு?"

எனக்கு விளங்கவில்லை. அவர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி விளக்கினார். இந்தத் துறைமுகத்துக்கு வந்த முதல் நாளே அவர் கற்றுக்கொண்ட கட்டளை 'ஸ்டாப்பு'. அதுதான் இங்கே சட்டப்படியான சொல் என்று இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறார். திடீரென்று அது வெறும் 'ஸ்டாப்' ஆகிவிட்டதே, விதி மாறிவிட்டதா, சுற்றறிக்கை வந்ததா, தனக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்களா? மனிதர் நிஜமாகவே கோபமாக இருந்தார்.

நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த 'பு' இல்லாமல் ஓட்ட எனக்குப் பயமாக இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை ரேடியோவில் முதல் குரல் அவருடையதுதான். "குட் மார்னிங்கு, அக்கா. க்ரேன் த்ரீ. ஸ்டார்ட்டு?" அடுத்து ஒன்றாம் நம்பர், மூக்கால்: "விண்டு?" அன்று முதல் தொற்று வியாதி போலப் பரவிவிட்டது. யார் எந்த ஊர் வாயால் பேசினாலும் கடைசியில் ஒரு வால் ஒட்டியிருந்தது. கேலிக்கு அல்ல, அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்தும் விரலை எடுக்கவில்லை.

அக்காவுக்கு மைக்கின் முன்னால் கடைசி நாள். என் கிரேனைப் பழுது பார்க்க நிறுத்தியிருந்தார்கள். நான் அந்த அறையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மதியத்துக்கு மேல் மகள் வந்தாள், சம்பந்தி வருகைக்கு அம்மாவுக்குப் புதுத் துணி எடுக்க அழைத்துப் போக. அம்மாவின் வேலையிடத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்று திரைகளைப் பார்த்தாள். பிறகு ரேடியோவைக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஒன்னு, லிஃப்ட்டு." "த்ரீ, வெயிட்டு." மூக்கு ஒன்று, முரடு ஒன்று, பாட்டுப் பாடுகிற மாதிரி ஒன்று.

"மாமா," என்றாள் என்னிடம் மெதுவாக, "ஏன் எல்லாரும் அம்மா மாதிரியே பேசுறாங்க? கிண்டல் பண்றாங்களா?"

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது கோபம் இல்லை. "கிண்டல் இல்லம்மா. உங்கம்மா சொல்றது மட்டும்தான் எங்களுக்குக் கடைசி வரைக்கும் கேக்கும். அந்த 'ட்டு' கேக்காம போன ஒரே ஒரு நாள் நான் ஒருத்தர கொன்னுருப்பேன். இத்தன வருஷம் கொல்லாம இருக்கேன்னா அது உங்கம்மா போட்ட பிச்சை."

"சும்மா இருங்க தம்பி," என்றார் அக்கா திரும்பாமல்.

மகள் அம்மாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோ கரகரத்தது. "அக்கா, க்ரேன் த்ரீ. கேன், ஆர் கான்ட்டு?"

திரையில், பெட்டி இடுக்கில், மஞ்சள் தொப்பி ஒன்று இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அக்கா மைக்கிடம் குனிந்தார். விரல் உதட்டுக்குப் போயிற்று.

மகள் குனிந்து அந்த விரலைப் பிடித்து உதட்டிலிருந்து எடுத்தாள்.

"கான்ட்டு," என்றார் அக்கா. பிறகு கொஞ்சம் உரக்க, "ஸ்டாப்பு!"

தூரத்தில் பெட்டி அந்தரத்தில் நின்றது. மஞ்சள் தொப்பி இடுக்கை விட்டு வெளியே வந்து, கையை ஆட்டிவிட்டு நடந்து போகும்வரை, மகள் அம்மாவின் விரலை விடவில்லை.