கிடாவெட்டுக்குப் பிறகு சிவன் கோயில்: கொல்லிமலையில் நான் போட்ட வரிசை

எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் திட்டம் போடுவது நான்தான். யாரும் கேட்டதில்லை, நானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. கடந்த தை மாதம் ஒரு சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போய்வந்ததும் நான் போட்ட திட்டப்படிதான். அது எங்கே சறுக்கியது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. ஒரே நாளில் இரண்டு மூன்று கோயில்கள் என்று நினைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

என் அக்கா இருபத்தாறு வருடங்களுக்கு முன் முசிறியிலிருந்து சேந்தமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். பேச்சும் அந்த ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஆறு மாதம் முன்பு மாமாவுக்கு, அதாவது அவள் கணவருக்கு, இதய அறுவை சிகிச்சை நடந்தது. மாமாவின் அண்ணனும் தம்பியும் குலசாமி பெரியசாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். அக்கா அறப்பளீஸ்வரரை நினைத்தாள். அறுத்துக் குழம்பில் போட்ட மீன் மறுபடி ஒட்டி உயிரோடு ஆற்றில் ஓடியது என்பது அந்தக் கோயிலின் கதை. நெஞ்சை அறுத்துத் தைக்கப்போகிறார்கள் என்று மருத்துவர் சொன்ன நிமிடம் அந்த மீன்தான் நினைவுக்கு வந்ததாம். என் வீட்டுக்காரர் தன் காலால் நடந்து வந்து உன் முன்னால் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மருத்துவர் பயணத்துக்குச் சம்மதித்ததும் நான் களத்தில் இறங்கினேன். வரைபடத்தில் தூரம் பார்த்து, போன வழியே திரும்பாதபடி வரிசை போட்டேன். காலையில் எட்டுக்கை அம்மன், பிறகு பெரியசாமி, அங்கேயே மதியச் சாப்பாடு, மாலையில் அறப்பளீஸ்வரர். குடும்பக் குழுவில் அனுப்பினேன். மற்ற பத்துப் பேரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எனக்கு ஒரே பெருமை.

விடியற்காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. ஒரு நாள் வாடகை ஏழாயிரம் ரூபாய், டீசல் உட்பட. ஓட்டுநர் மலையிலேயே எடப்புளி நாடு என்கிற பகுதியில் பிறந்தவர். அரை மணி நேரத்தில் அடிவாரமான காரவள்ளி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இருபதுக்கு மேல் என் வயிறு எண்ண விடவில்லை. மாமா முன்சீட்டில் அமைதியாக வந்தார். அவரைச் சுற்றிலும்தான் அமைதி இல்லை. அண்ணன் தண்ணீர் நீட்டுகிறார், தம்பி மனைவி சால்வை போர்த்துகிறாள், மகன் நாடி பிடித்துப் பார்க்கிறான். ஆறு மாதமாக வீட்டிலும் இதே கதைதான். அக்கா பின்சீட்டில் மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

எட்டரை மணிக்கு எட்டுக்கை அம்மன் தரிசனம் நல்லபடியாக முடிந்தது. பெரியசாமி கோயிலுக்கு வண்டி போகிற வரை போய், அதற்கு மேல் நடந்தோம். மாமா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். வேல்கள் நட்டிருந்த இடத்தில் பூசை, கிடாவெட்டு. கீழே இறங்கி மர நிழலில் அடுப்பு மூட்டி, மிளகு அரைத்துவிட்ட குழம்பு. சொல்லக் கூடாது, நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மாமாவுக்குக் கறி ஆகாதென்று அக்கா தயிர்சோறு கட்டி வந்திருந்தாள்.

இரண்டரை மணிக்குப் பாத்திரங்களை ஏற்றும்போது, அடுத்தது அறப்பளீஸ்வரர் என்று ஓட்டுநரிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க்கா, கறி தின்னுபோட்டு ஈஸ்வரங் கோயிலுக்குள்ள போவீங்களா?”

எனக்குச் சுரீர் என்றது. கறி சாப்பிட்ட அன்று சிவன் கோயில் வாசல் மிதிப்பதில்லை என்பது எங்கள் வீட்டிலும் பழக்கம்தான். கிலோமீட்டரைப் பார்த்த நான் அதை மறந்தே போனேன். மற்ற பத்துப் பேர் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். படிக்காமல் விரலை உயர்த்தியிருக்கிறார்கள்.

“செரி உடுங்க, சாமி எங்கீம் போயிராது. இன்னொரு நாளைக்கு வந்துக்கலாம்” என்றார் மாமாவின் அண்ணன். எல்லோருக்கும் தூக்கம் வேறு கண்ணைச் சுழற்றியது. திங்கட்கிழமை மாமாவுக்கு மறுபரிசோதனை, அதன் பிறகு இந்த எழுபது வளைவை மறுபடி எப்போது ஏற விடுவார்களோ தெரியாது. அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அழுகை வந்துவிட்டது.

அக்கா அடுப்புக் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் சாப்புடலீங்க. அவரும் சாப்புடல. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வாரோம்.”

எல்லோருக்கும் பரிமாறியவள் அவள். அவள் இலையில் என்ன இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

நாலு மணிக்குக் கோயில் போய்ச் சேர்ந்தோம். தேநீர்க் கடையில் கேட்டு ஒரு வாளி வெந்நீர் வாங்கி மாமாவைத் தலைக்குக் குளிக்க வைத்தாள். அவள் பச்சைத் தண்ணீரில் முழுகினாள். துணிப்பையிலிருந்து மாமாவுக்குப் புது வேட்டி, தனக்கு ஒரு சேலை எடுத்தாள். அவர்கள் மகன் துணைக்கு வருகிறேன் என்று செருப்பைக் கழற்றினான். “நீ கறி தின்னவன் சாமி, இங்கயே இரு” என்றாள். இருவரும் உள்ளே போனார்கள்.

நாங்கள் ஆற்றங்கரையில் மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணன் இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். அவர்கள் வெளியே வந்தபோது பை மாமாவின் தோளில் இருந்தது. இத்தனை வருடத்தில் மாமா அக்காவின் பையைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

இனி ஆலோசனைகள். சிவன் கோயிலை முதலில் வையுங்கள், கிடாவெட்டை அதற்குப் பின்னால். நடை சாத்தும் நேரத்தைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள், இதய நோயாளியோடு போனால் ஆசைப்படாதீர்கள். துறையூர்ப் பக்கத்துப் புளியஞ்சோலைக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். பெட்ரோல், பணம் இரண்டையும் அடிவாரத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று திரும்ப வேனில் ஏறிய பிறகும் அந்தத் துணிப்பை என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் பயணத்துக்கு யார் மாற்றுத்துணி எடுத்து வருவார்கள்? மலை இறங்கும்போது பின்சீட்டில் அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

“நீ அனுப்புனத நான் வரி உடாம படிச்சேன் கண்ணு. வரிசை தப்புன்னு அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன்க்கா சொல்லல?”

அவள் முன்சீட்டைப் பார்த்தாள். மாமா தூங்கிக்கொண்டிருந்தார், மகன் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஆறு மாசமா ஊட்டுல ஆள் இல்லாத நேரமே இல்ல. நல்லதுக்குத்தான் வாராங்க, இல்லேங்கல. ஆனா அவரு பொழச்சு வந்தப்புறம் நான் அவருகிட்ட தனியா இன்னும் ஒரு வார்த்த பேசல. சொல்லியிருந்தா நீ மாத்தியிருப்ப. பதினொரு பேரும் உள்ள வந்திருப்பாங்க.”




உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இதை வெளியிடும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பேர் போடாமல் எழுதிக்கொள் என்றாள். சிவன் கோயிலை முதலில் வைக்கச் சொல்லும் இடம் வந்ததும், “எல்லாருக்கும் அப்படிச் சொல்லிராத” என்றாள்.