தெருவைத் தாண்டிப் பறந்த மயில் பார்டர்

எதையுமே தொடாதவர்கள் வீட்டுக்கு மட்டும் போகிற தொழில் ஒன்று உண்டென்றால் அது கம்ப்யூட்டர் சர்வீஸ்தான்; எந்த வீட்டில் கேட்டாலும் "ஒண்ணுமே பண்ணல சார், தானா இப்பிடி ஆயிடுச்சு" என்பார்கள். இதே தொழிலில் அல்லாடும் சகோதரர்களே, வயர்லெஸ் காஞ்சிபுரத்துக்குப் புதிதாக வந்திருந்த சமயத்தில் ஒரே வாடிக்கையாளரிடம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

குடைக்கு மேலே, குடைக்குக் கீழே

சின்ன காஞ்சிபுரத்தில் ஜெகநாதன் கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை டிசைன் போடுபவர். எதிர்வீட்டில் அவருடைய அக்கா கஸ்தூரி, அந்த டிசைனைத் தறிக்கான துளை அட்டையாக அடிக்கும் மெஷினை வைத்திருந்தார். பிளாப்பியில் டிசைன் அடங்கவில்லை. தெருவுக்குக் குறுக்கே கேபிள் இழுக்கலாம் என்றால், கருடசேவைக்குப் பெருமாள் வரும்போது குடை தட்டும் என்று தெருவே சண்டைக்கு வரும்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆளுக்கொரு வயர்லெஸ் கார்டு சொருகி, நடுவில் வேறு பெட்டி எதுவும் இல்லாமல் நேரடியாகப் பேசவைத்தேன். எனக்கே அதுதான் முதல் தடவை, வெளியே சொல்லவில்லை. எதிர் ஜன்னலிலிருந்து அக்கா "வந்துடுச்சுப்பா" என்றதும் எனக்கு உட்காரவே முடியவில்லை. தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன், ஒரு கம்பியும் இல்லை. ஜெகநாதனும் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "குடைக்கு மேல போவுதா, கீழ போவுதா? அத்த மட்டும் சொல்லிடுபா."

மயிலின் கழுத்து

அனுப்பியது சாதாரண டிசைன் இல்லை. ஊரின் பெரிய பட்டுக்கடை ஒன்று ஜெகநாதனிடம் தனியாகச் சொல்லிப் போடவைத்த மயில் பார்டர். கருடசேவைக்குக் கடையில் வைக்கும்வரை வேறு யார் கண்ணிலும் படக்கூடாது, பட்டால் ஆர்டர் ரத்து. அக்காவும் தம்பியும் மூன்று மாதமாக அதே வேலையாக இருந்தார்கள்.

மூன்றாம் நாள், பக்கத்தில் ஜரிகைக் கடை வைத்திருந்த சலீம் பாய் வந்தார். அவர் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரிலும் வயர்லெஸ் இருந்தது. திறந்து கிடந்த எங்கள் இணைப்பை அது தானாகவே பிடித்துக்கொண்டுவிட்டது. பூட்டுப் போடாமல் போனவன் நான்தான். பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஜெகா, உன் பார்டர் என் கம்ப்யூட்டர்ல வந்து நின்னுக்கினு இருக்குது. நான் பாக்கல. ஆனா மயிலுக்குக் கழுத்து கொஞ்சம் நீளம்பா."

பத்து இலக்கப் பூட்டு

அன்றே பூட்டுப் போட உட்கார்ந்தேன். பத்து இலக்கத்தில் ஒரு சாவி. இரண்டு கம்ப்யூட்டரிலும் அதையே அடிக்க வேண்டும். மறக்காத எண்ணாகச் சொல்லுங்கள் என்றேன். ஜெகநாதன் யோசிக்கவே இல்லை: 4800240240. எனக்குத் தறியைப் பற்றி என்ன தெரியும்? பிரமாதம் என்று அடித்துவிட்டேன்.

பெருமை தாங்காமல் சலீம் பாயிடமே போய், பத்து இலக்கம், முடிந்தால் திறந்து பாருங்கள் என்றேன். இரண்டாவது தடவையிலேயே திறந்துவிட்டார். புடவையின் உடலுக்கு 4800 இழை, இரண்டு பக்க பார்டருக்கும் தறியில் இழையைத் தூக்கும் கொக்கி தலா 240. அந்தத் தெருவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்களாம். பாய்க்கு என்மேல் பரிதாபமே வந்துவிட்டது. "கொக்கிக் கணக்கு தெரியாம நான் யாருக்கு தம்பி ஜரிகை விக்கிறது?"

வரி வரியாக

அடுத்த சாவி தலையும் காலும் புரியாத எழுத்தும் எண்ணுமாக இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அக்காவிடம் கொடுத்துவிடுங்கள் என்று ஜெகநாதனிடம் நீட்டிவிட்டு, அவர் கம்ப்யூட்டரில் அடிக்கத் தொடங்கினேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன், கையால் அட்டை அடித்தபோது தம்பி கிராஃப் பேப்பரை வரி வரியாகப் படிப்பார், அக்கா அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார். அவர்கள் பழைய வழக்கம் அது. தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்பதால் இருவருக்கும் வெண்கலக் குரல். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெகநாதன் ஜன்னலில் நின்று "ஏ... ஏழு... சி..." என்று ஆரம்பித்துவிட்டார். எதிர் ஜன்னலிலிருந்து அக்கா ஒவ்வொன்றையும் ராகத்தோடு திருப்பிச் சொன்னார். நான் ஓடிப்போய் ஜெகநாதன் வாயைப் பொத்துவதற்குள் பத்தும் முடிந்துவிட்டது. ஜரிகைக் கடையிலிருந்து சலீம் பாய் தலையை நீட்டினார். "கஸ்தூரிம்மா, நாலாவது சரியா கேக்கல, இன்னொரு தபா சொல்லு."

கருடசேவை

மறுபடியும் ஒரு சாவி போட்டேன். இந்தத் தடவை சீட்டே கிடையாது. நானே தெருவைக் கடந்து போய் அக்கா கம்ப்யூட்டரில் அடித்தேன். பாய் இரண்டு நாள் முயன்றுவிட்டு, கையை விரித்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கருடசேவையன்று பட்டுக்கடைக் கண்ணாடிக்குள் மயில் பார்டர் புடவை தொங்கியது. பாயைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அதற்கு முன் ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஜெகநாதனுக்கு அடுத்த டிசைனுக்கான ஆர்டரும் அந்தக் கடையிலேயே கிடைத்தது. கூட்டத்தில் எங்கள் பக்கத்தில் நின்றிருந்த சலீம் பாய், கண்ணாடியில் மூக்கு முட்டும்படி குனிந்து பார்த்தார். "கழுத்து இப்பதான் சரியா இருக்குது. நான் சொல்லித்தான் குறைச்சான்னு யார்கிட்டயும் சொல்லமாட்டேன்பா."

ஆகமொத்தம், காற்றில் போவதைப் பூட்ட நான் கற்றுக்கொண்டேன். வாயில் போவதைப் பூட்டும் கார்டைத்தான் இன்றுவரை எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியவில்லை.