காட்டுவாகை என்று எழுதினேன்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. தாம்பரத்தில் மரம் அறுக்கும் மில் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். எண்பதுகளின் நடுவில், பத்தாவது முடித்து டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணிவிட்டுப் போய் நின்றேன். முதலாளி ஒரு தாளை நீட்டி, "உன் பேரை எழுதும்மா" என்றார். எழுதினேன். "நாளைக்கு வந்துடு" என்றார். உள்ளே ரம்பம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் எதையும் எழுதிக் காட்டுகிற ஆள் அவருக்கு வேண்டியிருந்தது.

முதலாளி அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர், விற்ற மனையிலெல்லாம் வீடு எழும்பும், வீட்டுக்கு நிலையும் ஜன்னலும் வேண்டும் என்று யோசித்து மில் வைத்தார். கணக்கு தப்பவில்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புதுக் காலனி. வாத்தியார்களும் ஆபீஸ் ஆட்களும் சைக்கிளை வெளியே சாத்திவிட்டு வந்து, "தேக்கு கட்டுப்படியாகுமா, வேம்பே போதுமா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரம்பத்தில் நின்ற மிஸ்திரிதான் பிறகு என் வீட்டுக்காரர் ஆனார். ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் அவருக்கு. அங்கே எல்லாருக்கும் கூப்பு வேலைதான். காட்டில் அரசாங்கம் குறித்துக் கொடுத்த பகுதியில் மரம் வெட்டி இறக்குவதைத்தான் கூப்பு என்பார்கள். திடீரென்று ஒரு வருஷம் கூப்பு கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஊரில் ஆண்பிள்ளைகள் யாரும் மிச்சமில்லை. ஒருத்தர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, ஒருத்தர் திருப்பூருக்கு, இவர் தாம்பரத்துக்கு. ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் அறுபட்ட கட்டையை முகர்ந்து பார்த்தே இன்ன மரம் என்று சொல்லிவிடுவார். "போயும் போயும் மரத்தூளைக் கட்டிக்கப் போறியா?" என்று என் அக்கா கேலி செய்தாள். கட்டிக்கொண்டேன். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அந்த உத்தரவு வந்தது. டெல்லியில் பெரிய கோர்ட் சொல்லிவிட்டது, இனிமேல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று. காடு பிழைக்கட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"மறுபடியும் கெளம்பணுமா?" என்றார்.

"நம்ம மில்லுக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? வேப்ப மரமும் மா மரமும் அறுக்கிறோம், நம்மள யார் கேக்கப் போறாங்க?" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

கேட்டார்கள். எங்கள் பக்கத்து மில்களிலெல்லாம் என்னென்ன மரம் கிடக்கிறது, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பட்டியல் கொடுக்கச் சொன்னார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தமிழ்லயே எழுதும்மா, உன் கையெழுத்துல பார்த்தாலே ஆபீஸருக்கு மனசு குளுந்துரும்" என்றார். நானும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மரத்தின் பெயர், நீளம், சுற்றளவு, வந்த இடம் என்று கட்டம் கட்டி எழுதினேன். அப்போது மில்லில் பெரிய பெரிய கட்டைகளாகப் பதினான்கு கிடந்தன. ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிய மரங்கள், முதலாளி ஏலத்தில் எடுத்தவை. மில்லில் எல்லாரும் அவற்றைக் காட்டுவாகை என்றுதான் சொல்வார்கள். பதினான்கு வரியிலும் காட்டுவாகை, காட்டுவாகை என்று முத்து முத்தாக எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

பட்டியலைச் சரிபார்க்க வனத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். கறாரான ஆள், ஆனால் மரியாதையாகத்தான் பேசினார். விரலை அந்த வரியில் வைத்து, "ஏம்மா, இது காட்டுதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது கோபம். என் எழுத்தில் தப்பு கண்டுபிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "காட்டுதான் சார். ட்டன்னா தெளிவாப் போட்டிருக்கேன், கண்ணாடி போட்டுக்கினு பாருங்க" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் படித்த பேச்செல்லாம் பறந்துவிடும்.

அவர் காட்டு மரமா என்று கேட்டிருக்கிறார். நானோ எழுத்துப் பிழையைப் பற்றிச் சண்டை போட்டேன். அவர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். முதலாளி பதறிப்போய் உள்ளேயிருந்து ஓடி வந்து, "ரோட்டு மரம் சார், ஏலத்துல எடுத்தது" என்று ரசீதை நீட்டினார். ரசீது இங்கிலீஷில் இருந்தது. ரெயின் ட்ரீ, பதினான்கு என்று போட்டிருந்தது. அவர் பட்டியலையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரசீதுல இருக்கற மரம் மில்லுல இல்லை. மில்லுல இருக்கற மரத்துக்கு ரசீது இல்லை. பெரிய ஆபீஸர் வந்து பார்க்கற வரைக்கும் நான் ஒண்ணும் செய்யறதுக்கில்லைங்க."

மெயின் சுவிட்சில் சீல் வைத்துவிட்டுப் போனார். பெரிய ஆபீஸருக்கு எத்தனையோ ஊர், எத்தனையோ மில். எங்கள் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலாளிக்கு ஒரே எண்ணம், ஏலத்தில் ரசீதை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று. 'சரியான' ரசீதைத் தேடி வீட்டுப் பீரோவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டின்னுக்குள், மருமகளின் கல்யாணப் பெட்டியில் எல்லாம் தேடினார். நானும் கூடவே தேடினேன். ஏழு வாரம் தேடினோம். முதலில் நீட்டிய ரசீதோ அத்தனை நாளும் மேஜை மேலேயே பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது. எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது!

மில்லில் வேலை செய்தவர்கள் கலைந்தார்கள். இரண்டு பேர் வண்டலூர் பக்கம் சித்தாள் வேலைக்குப் போனார்கள். ஒருத்தர் குன்றத்தூர் மலைக் கோயில் வாசலில் தேங்காய் விற்றார். என்னைப் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். சும்மா தலையாட்டிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

என் வீட்டுக்காரரின் ஊர்க்காரர் ஒருத்தர் அந்தமானில் மர மில்லில் இருந்தார். லீவில் வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். "அங்க இன்னும் மில்லு ஓடுது. மிஸ்திரி வோணும்னு கேட்டுகினே கீறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை கப்பலு. வர்றியா?" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே, "வரேன்" என்றார்.

நான் குதித்தேன். "யோவ், என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு தடவை காடு மூடிச்சுன்னு இங்க வந்த. இப்ப மில்லு மூடிச்சுன்னு கடலைத் தாண்டுவியா? அங்கயும் மூடினா எங்க போவ?" என்று கத்தினேன். அவர் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். போனால் வருஷத்துக்கு ஒரு முறை வருவார், அதுவும் நிச்சயமில்லை. குழந்தைக்கு ஐந்து வயது. நான் எழுதிய ஒரு சொல் அவரைக் கப்பலேற்றுகிறது என்ற நினைப்பு எனக்குச் சோற்றை இறங்க விடவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அப்பா போவதற்குள் புலி பார்க்க வேண்டும் என்று குழந்தை அழுதாள். புளிசாதம் கட்டிக்கொண்டு வண்டலூர் ஜூவுக்குப் போனோம். புலி பார்ப்பதற்கு முன்னால் சாப்பாட்டை முடித்துவிடலாம் என்று ஒரு பெரிய மரத்தின் நிழலில் உட்கார்ந்தோம். சாப்பிட்டதும் அவர் துண்டை விரித்துக் கண்ணை மூடிவிட்டார். குழந்தை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். மரத்தில் அடித்திருந்த தகரப் பலகைக்கு முன்னால் நின்று, "தூ... தூங்... தூங்கு... தூங்குமூஞ்சி!" என்று படித்துவிட்டு, "அம்மா, அப்பா பேரை இங்க எழுதியிருக்காங்க!" என்று கைதட்டிச் சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மரம் என்று தமிழில் போட்டிருந்தது. அதற்குக் கீழே இங்கிலீஷில் ரெயின் ட்ரீ.

ரசீதில் பார்த்த அதே பெயர். மில்லில் கட்டையாகக் கிடக்கும்போது மட்டுமே மரத்தைப் பார்த்தவள் நான். நின்ற மரம் எதற்கும் எனக்கு முகம் தெரியாது. அவரைப் போட்டு உலுக்கினேன்.

"இது என்ன மரம்?"

அவர் பாதிக் கண்ணைத் திறந்து, கையை நீட்டிப் பட்டையைத் தடவினார். "காட்டுவாகை. இதுகூடத் தெரியாம இன்னாத்தம்மே எழுதிகினு கீற இத்தினி வருசமா?"

"இதைத்தான் இங்கிலீஷ்ல ரெயின் ட்ரீன்னு சொல்றாங்களாம்!"

"சொல்லட்டும். அதுக்கு இன்னா இப்போ?"

இதுதான் நடந்திருக்கிறது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த எனக்கு மரம் தெரியாது. மரம் தெரிந்தவருக்கு ரசீதைப் படிக்கத் தெரியாது. ஏழு வாரம் ஒரே பாயில் படுத்து எழுந்த எங்கள் இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினேன். புலி பார்க்காமல் திரும்பியதை என் மகள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

திங்கட்கிழமை வனத்துறை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே முதலாளியோடு போய் வாசலில் நின்றுவிட்டேன். பெரிய ஆபீஸர் அன்று இருந்தார். கோபப்படக் கூடாது என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரசீதைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"காட்டுவாகைன்னா ரோட்டோரத்துல நிக்கறதுதான்னு எனக்குத் தெரியும்மா. ஆனா பேப்பர்ல ரெண்டும் வேற வேறயா இருந்தா, சீல் வெச்சவர் என்ன பண்ணுவார்? இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே நேத்துதான் சார் தெரியும்" என்றேன்.

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பட்டியலைத் திருப்பி எழுதச் சொன்னார். ஸ்கேல் இல்லை, அவசரம் வேறு. என் வாழ்க்கையிலேயே மோசமான கையெழுத்தில் பதினான்கு முறை தூங்குமூஞ்சி மரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் பெரிய ஆபீஸரே ஜீப்பில் வந்தார். ஒவ்வொரு கட்டையிலும் சில்லு பெயர்த்துப் பார்த்தார். பிறகு மெயின் சுவிட்சிலிருந்த சீலை அவரே உடைத்தார். அவர் ஜீப் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் எல்லாரும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் என் வீட்டுக்காரர் போய் சுவிட்சைப் போட்டார். காது கிழிகிற அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. முதலாளி எல்லாருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

எல்லா மில்லுக்கும் இப்படி நடக்கவில்லை. காட்டு மரத்தையே நம்பியிருந்த இரண்டு மில்கள் எங்கள் பக்கத்திலேயே ஒரேயடியாக மூடின. அந்த ஆட்களை வழியில் பார்க்கும்போது எனக்குச் சிரிக்கச் சங்கடமாக இருக்கும். எங்கள் மில் வெளிநாட்டிலிருந்து துறைமுகத்தில் வந்து இறங்கும் மரத்துக்கு மாறித் தப்பித்தது.

மில் திறந்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து டிரங்குப் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினார். நான் சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

"மிசினு ஓடுது இல்ல? இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்றார்.

"நீங்க பாட்டுக்கு ஏறிப் போயிருப்பீங்களே."

"ஏறியிருப்பேன். ஆனா எனக்குக் கடல்னா பயம்மே. பீச்சுலகூட முட்டிக்கு மேல தண்ணில நின்னதில்ல."

"பின்ன ஏன்யா வரேன்னு சொன்ன?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் சொன்னார். "வூட்ல சும்மா குந்திகினு இருந்தா, என்னிக்காச்சும் வாய் தவறி உன்னைச் சொல்லிடுவேன், நீ எழுதினதாலதான் எல்லாம் போச்சுன்னு. சொல்லிட்டா அப்புறம் அத்தத் திரும்ப வாங்க முடியுமா? அதுக்கு அந்தமானே தேவலைன்னு நெனச்சேன்."

அந்த ஏழு வாரத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒரு முறைகூட வரவில்லை என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன்.