இதுதாங்க ஈஸி

விருத்தாசலம் பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார் ஒருவர். மௌஸை நம் கையில் தருவதற்கு முன் சட்டை நுனியால் துடைத்துத்தான் தருவார். அந்த மரியாதையில்தான் நான் விழுந்தேன்.

பீங்கான் பொம்மைகளை அச்சில் வார்ப்பது என் வேலை. துப்பாக்கி நம் கையிலேயே இருப்பதுபோல் நடந்து போய்ச் சுடும் கேம் ஒன்றைச் செய்ய எனக்கு ஆசை. புதிதாகக் கற்பவனுக்கு எந்த மென்பொருள் சுலபம் என்று அவரிடம் கேட்டேன். நாலைந்து பெயர்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லித் தள்ளினார். "இதுதாங்க ஈஸி. கோடிங்கே வேணாம், இழுத்து வுட்டா போதும்" என்று கடைசியில் ஒன்றைக் காட்டினார்.

நான்கு மாதம் உட்கார்ந்து பொம்மை சுடும் எங்கள் சூளைக்கூடத்தையே கேமின் களமாக அதில் கட்டினேன். குவைத்தில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பப் போனபோதுதான் தெரிந்தது, அந்த கேம் அந்த மென்பொருளுக்குள் மட்டுமே ஓடும் என்று. வெளியே எடுக்க வழியே இல்லை.

நேரே போய்க் கேட்டேன். "மத்ததுக்கெல்லாம் குறை சொன்னீங்களே சார்?"

"அதெல்லாம் நான் தொறந்துகூட பாத்ததில்லைங்க. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"வந்ததுமே சார்னு கூப்புட்டீங்க. அப்பறம் எப்பிடிங்க தெரியாதுன்னு சொல்றது?"

திட்டத்தான் போயிருந்தேன். கிளம்பும்போதும் என் வாயில் "வரேன் சார்" என்றுதான் வந்தது. அந்த ஆத்திரம்தான் இன்னும் ஆறவில்லை.