என் அண்ணனின் இடுப்பு

என் அண்ணன் பஸ் டிரைவர். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தான். குனியமாட்டான், எதையும் தூக்கமாட்டான், தும்மல் வந்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தும்முவான். முதுகெலும்புக்கு நடுவே டிஸ்க் என்கிற ஒரு வட்டு நழுவியது உண்மைதான். அது ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் வலி போகவில்லை. அவன் முகம் சுளித்தாலே அண்ணி படுக்கையை விரித்துவிடுவாள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் இனி கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கும் வேலைதான்.

"கண்ணாடிக்குப் பின்னாடி உக்கார வெச்சுட்டா நான் செத்தேன்" என்றான் அண்ணன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான்தான் அவனைப் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஸ்கேனைப் பார்த்தாள், அவனை நடக்கவிட்டாள், குனியச் சொன்னாள்.

"வட்டு ஆறிடுச்சு சார். ஆனா உங்க நரம்பும் மூளையும் இன்னும் காவல் காத்துட்டு இருக்கு. லேசா அசைஞ்சாலே ஆபத்துன்னு கத்துது."

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான் நடிக்கிறேனா?"

"ஐயோ, வலி நூத்துக்கு நூறு நிஜம். ஆனா வலிக்குதுன்னா உள்ள ஏதோ உடையுதுன்னு அர்த்தம் இல்ல. பயம், தூக்கமில்லாதது, படுத்தே கெடக்கிறது, எல்லாம் அந்தக் கத்தலைக் கூட்டும். கொஞ்சம் கொஞ்சமா அசைஞ்சு, ஒண்ணும் ஆகலன்னு அதுக்குக் காட்டணும்."

அண்ணன் யோசித்தான். "எங்க வண்டியில கதவு மூடித்தான் இருக்கும். பள்ளத்துல எறங்கினா தொறந்திருக்குன்னு லைட் எரியும். கண்ணாடியில ஒரு தடவ பாத்துட்டு ஓட்டுவோம். அந்த மாதிரியா?"

"அதேதான் சார்" என்று அவள் சிரித்தாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை நாற்காலி டிரைவர் சீட் ஆனது, பாத்திர மூடி ஸ்டியரிங் ஆனது. முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நாள் வலி குறைந்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, பீரோவை நகர்த்திவிட்டான். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. எல்லாம் போச்சு என்று அழுதவனை அந்தப் பெண் போனிலேயே ஒரு பிடி பிடித்தாள்.

"ஒண்ணும் போகல. நல்லா இருக்கிற அன்னிக்கும் அளவோட, மோசமான அன்னிக்கும் கொஞ்சமாவது."

முனகிக்கொண்டே மறுபடி மூடியைக் கையில் எடுத்தான்.

ஓட்டிக் காட்டும் நாளில், கெஞ்சிக் கூத்தாடி நானும் அந்தக் காலி பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அதிகாரி அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். பாதி வழியில் அவன் தோள் இறுகியது.

"வலிக்குதா?" என்றார் அதிகாரி.

பொய் சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"வலிக்குது சார். ஆனா இது எனக்குத் தெரிஞ்ச வலி. கால் மரத்துப் போகல, பிரேக் சரியா மிதிக்கிறேன். ஓட்டிடுவேன்." மூச்சை இழுத்து விட்டான். தோள் இறங்கியது. வளைவில் வண்டி அலுங்காமல் திரும்பியது.

அரை ஷிப்ட் கொடுத்தார்கள், நடுவில் எழுந்து நடக்க இடைவேளையோடு. முதல் நாள் நான் அவன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறினேன். வலிக்குதா என்று கேட்க வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். கண்ணை அடக்க முடியவில்லை, பொலபொலவென்று கொட்டியது.

"ஏய், படியை அடைச்சுக்கிட்டு அழாத. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றான் அண்ணன். "உள்ள போ, வண்டிய எடுக்கணும்."