நாலு இருபதுக்குப் பிறந்தவள்

கௌசியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உங்கள் மூன்று பேருக்கு மட்டும் இதை எழுதுகிறேன். கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். முக்கியமாக அவள் அப்பா கண்ணில் இது படவே கூடாது. ஏன் என்று படித்தால் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அங்கிள், அதாவது கௌசியின் அப்பா, என் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகு என்னைப் பார்க்காமல், "ஷூவைக் கழட்டும்மா" என்றார். நான்கே நாள் காய்ச்சல். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் தலை வலிக்கிறது என்று என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். இப்போதும் அடிக்கடி அந்தத் தோளில் கை வைத்துப் பார்க்கிறேன்.

இன்டர்வெல்லில் அவளைச் சுற்றி எப்படிக் கூட்டம் கூடும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருமுறை ரேகா, "எனக்கு லவ் மேரேஜா, சொல்லு" என்று கையை நீட்டினாள். "கையை மடக்குடி, நான் கட்டம் பார்க்கிறவ. போய் உங்கம்மாகிட்ட பிறந்த நேரம் கேட்டுட்டு வா" என்றாள் கௌசி. மறுநாள் ரேகா, "விடியற்காலை, பால்காரர் வந்த நேரமாம்" என்றாள். "அப்போ நான் பால்காரருக்குத்தான் ஜாதகம் எழுதணும்!" ரேகாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நேரத்தில் ஏன் அவ்வளவு கறார் என்று நான் கேட்டபோது அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ராசிக் கட்டம் கிளாஸ் போட்டோ மாதிரி. எல்லாரும் தெரிவோம், யாரும் சரியா தெரியமாட்டோம். வர்க்கச் சக்கரம்னா அதுல ஒரு இடத்தை மட்டும் விரலால பெருசாக்கிப் பார்க்கிறது. படிப்புக்கு ஒரு கட்டம், வேலைக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு நவாம்சம். பெருசாக்கும்போது விரல் கொஞ்சம் நகர்ந்தா பக்கத்துல நிக்கிறவ மூஞ்சி வந்துரும்." நவாம்சத்தில் லக்னம் ஏறக்குறைய பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு வீடு மாறிவிடும் என்பதையும் அவள் சொல்லித்தான் அறிந்தேன். இதையெல்லாம் போனில் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டாள்.

அவள் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அவளுடைய ஜாதகம்தான். நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஜோசியர், நவாம்சத்தில் லக்னத்துக்கு எட்டில் சனி, பதினாறு வயதுக்குள் கண்டம் என்று சொல்லிவிட்டார். ஒன்பது சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றச் சொன்னார். ஆன்ட்டி, அதாவது அவள் அம்மா, ஏழு ஏற்றினார். அதன்பிறகு அவர் வேலை பார்க்கும் பொம்மசந்திரா கார்மென்ட்ஸில் சனிக்கிழமை ஓவர்டைம் வந்தது. மீதி இரண்டும் நின்றுபோயின.

சென்ற மாதம் ஒரு நாள் அவர்கள் வீட்டில் இருந்தேன். அங்கிள் பீன்யா ஃபேக்டரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கௌசி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்பா, நான் பிறந்தப்போ டைம் பார்த்தது யாரு?"

"நான்தான். நர்ஸம்மா வெளியே வந்து பொண்ணுன்னதும் வாட்சைத்தான் பார்த்தேன். நாலு முப்பத்தஞ்சு."

"எந்த வாட்சு?"

"இதேதான். எப்பவும் பதினஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சு ஓட்டுறேன். இதுவரைக்கும் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸை விட்டிருப்பேனா?"

கௌசி என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். நாலு இருபதுக்குக் கட்டம் போட்டாள். லக்னம் ஒரு வீடு பின்னால் வந்தது. சனி எட்டில் இல்லை, ஒன்பதில் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து சிரித்தாள். "எனக்குப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சுப் பிறந்த எவளுக்கோ எங்கம்மா விளக்கேத்திட்டு இருந்திருக்காங்கடி!" பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஏய் பயந்தாங்கொள்ளி, அப்பாகிட்ட மூச்சு விடாதே. அந்த வாட்சைப் பத்தி எவ்வளவு பெருமையா சொன்னாரு பார்த்தியா?" சத்தியம் செய்துகொடுத்தேன். கட்டம் போட்ட தாளை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

இப்போது அங்கிள் மறுபடியும் நைட் ஷிப்ட் போகிறார். ஆன்ட்டிக்குத் தனியாக இருக்க முடியவில்லை. பக்கத்து வீடுதானே, எங்கள் வீட்டில் வந்து படுக்கிறார். படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து ஒன்றையே சொல்கிறார்: "ரெண்டே ரெண்டு விளக்கு. அதைக்கூட ஏத்தாம ஓவர்டைமுக்குப் போனேனே, நான்தானே என் பொண்ணை அனுப்பிட்டேன்." என் அம்மா என்ன சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. நேற்றிலிருந்து சாப்பிடவும் இல்லை.

சரியான கட்டத்தில் அவளுக்குக் கண்டமே இல்லை. அப்படியும் போய்விட்டாள். அதனால் எந்தக் கட்டத்தையும் இனி என்னால் நம்ப முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் ஆன்ட்டி நம்புகிறார். அந்தத் தாளைக் காட்டினால், விளக்குக்கும் கௌசிக்கும் சம்பந்தமில்லை என்று புரிந்துகொள்வார். உடனே, நேரம் எப்படித் தப்பானது என்று கேட்பார். வாட்ச் என்று சொன்னால் அங்கிளிடம் சண்டைக்குப் போவார். ஜோசியர் கம்ப்யூட்டரில் தப்பாக அடித்துவிட்டார் என்று பொய் சொல்லலாமா? எனக்குப் பொய் சொல்ல வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு பயத்தையும் நான் சொல்லக்கூடிய ஒரே ஆள் கௌசிதான். "லூசு, போய்ச் சொல்லித் தொலை" என்று ஒருமுறை அவள் வந்து சொன்னால் போதும்.

தாளைக் கொடுத்துவிட்டால் அவள் கையெழுத்து என்று என்னிடம் எதுவும் மிஞ்சாது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த மாடிச் சிரிப்பைத்தான். இன்னொன்றும் உண்டு. யார் எதை உறுதியாகச் சொன்னாலும், "எந்த வாட்சு?" என்று அவள் கேட்பாளே, அந்தக் கேள்வி. அதை

என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். "கண்ணு, முழிச்சிருக்கியா? நான்தான்." ஆன்ட்டி. அம்மா தூங்குகிறாள். நான் தாளை எடுத்துக்கொண்டு